படத்தைப் பார்த்தவர் பேசக் கூடாது

டாக்டர் சுந்தரராஜ் அவர்களுக்கான இந்த அஞ்சலிக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்று, கண்ணைத் துடைத்த கைக்குட்டையை இன்னும் மடித்து வைக்காமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை லீமா டீச்சர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார் தேவகனி அம்மா அவர்களே! அவர்களுடைய அருமை மகள் பெமிலா! அருமனை ஞாயிறு திரைப்பட மன்றத்தின் உறுப்பினர்களே! நாற்காலி போதாமல் வாசலிலும், படியிலும், வெளியே ரப்பர் மரத்தடியிலும் நின்றுகொண்டிருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மன்றத்தின் செயலாளர், சுசீந்திரம் தாணுமாலயனின் வணக்கம்.

என்ன கூட்டம் இது! என்ன கூட்டம்! பஸ்ஸை விட்டு இறங்கி இந்தக் குடோன் வாசலைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையா? இல்லை. பொறாமை! நான் செத்தால் இதில் பாதிப் பேர் வருவீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். உலகத் திரைப்படங்களைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை இதே குடோனில்தான் வெளியிட்டேன். பழம்பொரியும் சாயாவும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். யார் வந்தீர்கள்? பழம்பொரி மிச்சமாகி, டாக்டர் சுந்தரராஜ்தான் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்.

வெளியே வைத்திருக்கும் பிளக்ஸைப் பார்த்தீர்களா? பல் மருத்துவர் சுந்தரராஜ் அவர்கள் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பல் டாக்டர் அல்லவா, சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும். கீழே, அச்சடித்த கடையின் பெயருக்கு ஒரு வரி மேலே, எறும்பு சைஸில் என் பெயர். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், ஒற்றுப்பிழையோடு இருக்கிறது.

இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நல்லதுதான் பேசப்போகிறேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டேதான் பேசுவேன். ஏனென்றால் பல் மருத்துவர் சுந்தரராஜ் அவர்களின் இடம் எனக்கு வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோதே வேண்டும் என்று நினைத்தவன் நான். இன்று காலை சுசீந்திரத்தில் பஸ் ஏறும்போது ஒரு முடிவோடு ஏறினேன். இனி இந்த மன்றத்தின் நடுவில் நிற்பது நான்தான் என்று இந்தக் கூட்டத்தில் அறிவித்துவிட வேண்டும். அந்த முடிவு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே வகைப் படங்கள். ஒருவன் ஒரு தப்பைச் செய்துவிடுகிறான். அல்லது ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். வேறு யாருக்கும் தெரியாது. சொல்வதா, மறைப்பதா? பொறுப்பு அவனுடையதா, அவனுடைய முதலாளியுடையதா, ஊருடையதா? துப்பாக்கி கிடையாது, டூயட் கிடையாது. ஒரு மனிதனும் அவன் மனசாட்சியும் ஒரே அறையில் மாட்டிக்கொள்கிற படங்கள். எங்கெங்கோ உள்ள நாடுகளின் படங்கள்.

அந்தப் படங்களைத் தேடிப் பிடித்தவர் யார்? நான்! வசனங்களைத் தமிழில் பெயர்த்துத் திரையின் அடியில் ஓட விட்டவர் யார்? நான்! புரொஜக்டர் வயரை எலி கடித்தபோது மார்த்தாண்டத்துக்கு ஓடியவர் யார்? நான்! ஆனால் ஊருக்குள் அதற்கு என்ன பெயர்? "ஞாயித்துக்கிழம டாக்டருக்க படத்துக்குப் போவமா?" டாக்டருக்க படம்! கேட்டால் பற்றி எரியாதா? நீங்களே சொல்லுங்கள், எரியாதா?

அவர் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. படத்தை நிறுத்தினார்!

படத்தில் உள்ள ஆள் முடிவெடுக்கப்போகிற அந்த நொடியில், டக்கென்று நிறுத்திவிட்டு, "லைட்டப் போடுங்க" என்பார். பால் சேர்க்காத கட்டன்சாயா வரும். பிறகு ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று. 'அவன் இப்படிச் செய்யணும், அவள் அப்படிச் செய்யணும்' என்ற பேச்சே ஆகாது. 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் மீதிப் படம்.

முதல் தடவை நிறுத்தியபோது நான் ஆடிப்போய்விட்டேன். ஒரு கலைஞன் ரத்தம் சிந்தி எடுத்த படத்தை நடுவில் நிறுத்துவதா? கச்சேரியில் பாடுகிறவர் வாயைப் பொத்துவார்களா? குடோன் அதிரச் சண்டை போட்டேன். அவர் சாயாவை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஓய் தாணு, முடிவு தெரிஞ்ச பெறவு எல்லாவனும் யோக்கியன்தான். தெரியதுக்கு முன்ன கேட்டாத்தான வே ஆளு யாருன்னு தெரியும்."

நான் விட்டேனா? செயலாளர் என்ற முறையில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். அப்படியானால் படத்தை ஏற்கெனவே பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது! முடிவு தெரிந்தவன் நல்லவன் வேஷம் போடுவான் என்றால், அவன் பேசவே வேண்டாம். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "கொள்ளாம் ஓய், நல்ல விதி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஒரே பெருமை. ஊரில் எல்லாப் படத்தையும் முன்னாலேயே பார்த்தவன் நான் ஒருவன்தானே! மற்றவர்கள் தெரியாமல் உளறுவார்கள், நான் புரொஜக்டர் பக்கத்தில் கால்மேல் கால் போட்டுப் புன்னகை பூத்துக்கொண்டிருப்பேன். அவரோ ஒரு படத்தையும் முன்கூட்டிப் பார்க்க மாட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்டு வைத்துக்கொள்வார்.

நான் படத்துக்கு முன்னுரை பேசுவேன். ஒளியமைப்பு, காமிரா கோணம், அந்த நாட்டின் அரசியல். நீங்கள் எல்லோரும் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், குடோன் கூரை பறக்கும்! ஒரு தடவை குலசேகரம் போகிற பஸ் வெளியே நின்று ஹாரன் அடித்து ஓய்ந்து, கண்டக்டரே உள்ளே வந்துவிட்டார். "ஆளு வருதா இல்லியா?" என்று கத்தியவர், என்ன கதை என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் "நானா இருந்தா" என்று ஆரம்பித்தாரே, நினைவிருக்கிறதா? பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து அவரைத் தேடினார்கள். என் முன்னுரைக்காக ஒரு சைக்கிளாவது நின்றிருக்குமா?

முதல் பதில் எப்போதும் டாக்டர் சுந்தரராஜ் அவர்களுடையதுதான். அதோ, முன்வரிசையின் ஓரத்தில் கிடக்கிற அந்த நாற்காலியில் இருந்து சொல்வார். என்ன சொல்வார்? வீரமான பதிலா? தியாகமான பதிலா? "நானா? நான் ஓடிருவேன். பயந்து வீட்டுல போயிக் கதவ அடச்சிட்டு இருப்பேன்." இப்படித்தான்! ஒரு படித்த மனிதர், நாலு பேர் மதிக்கிற டாக்டர், சபை நடுவில் தன்னைக் கோழை என்று சொல்வாரா? சொல்வார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? எல்லோரும் உள்ளதைச் சொன்னார்கள்.

லீமா டீச்சர் மன்னிக்க வேண்டும், உங்கள் கதையைச் சொல்கிறேன். ஒரு படத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தேர்வுத் தாளைத் திருடியதாக ஒரு ஏழைப் பையனைப் பள்ளியை விட்டு வெளியேற்றிவிடுகிறாள். பிறகு அந்தத் தாள் அவள் மகனுடைய பைக்குள் இருந்தே கிடைக்கிறது. பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே நிறுத்தினார். எல்லோரும் லீமா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை தலைமுறையை நேர்மை, நேர்மை என்று பிரம்போடு வளர்த்தவர்! டீச்சர் எழுந்தார்கள். "நான் ஒளிச்சு வைப்பேன்" என்றார்கள். டாக்டர் கேட்டார்: "பின்ன?" டீச்சர் சொன்னார்கள், "பின்ன அந்தப் பையன் வீட்டுப் பக்கமா நடக்க மாட்டேன்." "பின்ன?" "பின்ன எனக்க மகனுக்க மொகத்தப் பாக்க மாட்டேன்." "பின்ன?" டீச்சர் அழுதுவிட்டார்கள்.

பின்ன! அந்த ஒரு சொல்தான் அவருடைய மொத்தச் சரக்கும். சரி என்று சொல்ல மாட்டார், தப்பு என்று சொல்ல மாட்டார். பின்ன என்று கேட்பார். வாரம் முழுக்கக் காசு வாங்கிக்கொண்டு ஊர் வாயைத் திறந்தவர், ஞாயிற்றுக்கிழமை இலவசமாகத் திறந்தார். நானும் வீட்டில் கண்ணாடி முன் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் வாயில் அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. என் மனைவி தாணம்மாள் அடுக்களையில் இருந்து, "யாருக்கிட்ட வழக்குக்குப் போறியோ?" என்று கேட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். தம்பி லிஜின் அதோ தூண் பக்கத்தில் இருக்கிறார். சொல்லட்டுமா என்று முன்னாலேயே அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சாரே, இனி அதுல ஒளிக்க என்ன இருக்கு" என்றார்.

பனி பெய்கிற ஏதோ நாட்டுப் படம். ஒரு டாக்சி டிரைவர், ஆளில்லாத ரோட்டில் ஒருவரை இடித்துவிட்டு நிறுத்தாமல் போய்விடுகிறான். மறுநாள் அவனுடைய டாக்சி ஸ்டாண்டிலேயே, 'யாராவது பார்த்தீர்களா' என்று கேட்டு ஒரு நோட்டீஸ். அதன் முன்னால் அவன் நிற்கிறான். நிறுத்தினார். லைட் வந்தது. சாயா வந்தது. லிஜின் முறை வந்தது. களியக்காவிளை சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போகிற டெம்போ அவருடையது. அதுவரை எந்தப் படத்துக்கும் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்றைக்குப் பேசினார்.

"நான் நிறுத்தல்ல சாரே. கண்ணாடியில பாத்தேன். பால் வாளி உருண்டு உருண்டு எனக்க பின்னால வருது. ரோடு முழுக்க வெள்ள. பிரேக்குல கால வச்சேன். பின்ன எடுத்துட்டேன்."

என்ன கற்பனை! அங்கே வெள்ளையாகக் கிடந்த பனியை ரப்பர் பாலாக்கிவிட்டாரே! அயல்நாட்டுக் கதையை அருமனைக் கதையாக்கிவிட்டாரே! "கொள்ளாம் லிஜின், கொள்ளாம்!" என்று முதலில் கை தட்டியவன் நான். குடோனே தட்டியது. தட்டாதா பின்னே? 'நான்' என்று பேச வேண்டும் என்பது நம் வழக்கம். எல்லோரும் 'நான் திருடினேன், நான் ஒளித்தேன்' என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். இவரும் அப்படிப் பேசினார் என்றே நினைத்தோம்.

தட்டாதவர் ஒருவர்தான். அன்றைக்கு 'பின்ன' என்றுகூட அவர் கேட்கவில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, லிஜின் தோளில் கை போட்டார். "வா மக்கா, வெளிய போவம்" என்றார். இருவரும் போனார்கள். அரை மனதோடு நான் மீதிப் படத்தைப் போட்டேன். லிஜினுக்கு அந்தப் படத்தின் முடிவு இன்றுவரை தெரியாது.

அவர்கள் நேரே போனது சுயம்புராஜ் வீட்டுக்கு. ரப்பர் பால் வெட்டுகிற சுயம்புராஜ், வெட்டிய பாலோடு ஆளில்லாத ரோட்டில் சைக்கிளில் திரும்பும்போது ஏதோ வண்டி இடித்து, கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும் இங்கே இருக்கிறார். அன்றைக்கு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்: "அவன் வந்து நின்னு சொன்ன ஒடன எனக்கு வல்லாத்த கோவம் சாரே. கையில கிட்டினதக் கொண்டு எறிஞ்சேன். டாக்டரு எனக்க கட்டிலுல இருந்துட்டு, பின்னன்னு கேட்டாரு. நான் ஏசினேன். பின்னன்னாரு. இன்னும் ஏசினேன். எனக்குத் தொண்ட அடச்சுப் போச்சு. பெறவுதான் சொன்னாரு, இவன் ஸ்டேஷனுக்குப் போறான், நானும் கூடப் போறேன்னு."

போனார்கள். வழக்கு நடந்தது. கோர்ட் வாசலில் லிஜினோடு ஒவ்வொரு தடவையும் டாக்டர் நின்றார், க்ளினிக்கைப் பூட்டிவிட்டு. தண்டனை வந்தது, லிஜின் அதை அனுபவித்துவிட்டு வந்தார். எல்லாம் ராசியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சுயம்புராஜ் இன்றைக்கும் லிஜினிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு லிஜினுடைய டெம்போவில்தான் ஏறி வருகிறார்.

நான் கேட்கிறேன், இதில் என் பொறாமை நியாயமா இல்லையா? அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? நான். லிஜினுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது யார்? நான். அந்த வார்த்தை முதலில் விழுந்தது யார் காதில்? என் காதில்! அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தவன். அவர் பார்த்தது பாதிப் படம். "உமக்கு எப்படி ஓய் தெரிஞ்சுது?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அந்தப் படத்துல வாளி ஏது வே?" என்றார். அவ்வளவுதான். ஆமாம், வாளி ஏது? எனக்கு ஏன் தோன்றவில்லை? சுந்தரராஜ், நீர் போன பிறகும் இந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை ஓய்!

கடைசிச் சண்டையைச் சொல்கிறேன். போன மாதம் படம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சாயா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்: "ஓய் தாணு, நீரு இந்தக் கூட்டத்துல ஒரு தடவயாவது 'நான்'னு சொல்லியிருக்கீரா?" விதி இருக்கிறதே, படத்தைப் பார்த்தவர் பேசக் கூடாதே என்றேன். "அப்பம் சரி. அடுத்த படம் நான் எடுக்கேன். நீரு பாக்கப்பிடாது. சும்மா வந்து இரியும்" என்றார்.

எனக்கு வந்த கோபம்! இந்த மன்றத்தில் எனக்கென்று இருந்தது படத்தைத் தேர்ந்தெடுக்கிற வேலை ஒன்றுதான். கூட்டம் உமக்கு, பெயர் உமக்கு, பாசம் உமக்கு, இனி அதுவும் உமக்கா என்று கேட்டேன். "சவத்த விடும் ஓய், வந்து இரியும்" என்று சிரித்தார். நான் கிளாஸை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கோபம் ஆறினதும் வந்து மீதிச் சண்டையைப் போடலாம் என்று இருந்தேன். போன வியாழக்கிழமை காலை, க்ளினிக்குக்குப் புறப்பட்டு ஷூ மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. படத்தை நிறுத்திய மாதிரியே சண்டையையும் நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நான் இனி யாரோடு சண்டை போடுவது? சொல்லுங்கள் தேவகனி அம்மா, யாரோடு?

இன்று காலை நான் என் முடிவோடு வந்து இறங்கினேன். வாசலில் பெமிலா நின்றாள். "மாமா, அப்பா எடுத்து வச்ச படம் எங்கிட்ட இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் போடணும். ஒரு வயசான அம்மா கதவத் திறக்கும்போ நிறுத்தணும்னு அப்பா சொல்லித் தந்தாங்க. நான் படம் பாக்கல்ல. அப்பா மட்டும்தான் பாத்தாங்க. நீங்க அந்த நாற்காலியில இரிங்க" என்றாள்.

கேட்டீர்களா? மேடை வேண்டும் என்று வந்தவனுக்கு நாற்காலி! கேள்வி கேட்கிற இடம் வேண்டும் என்று இத்தனை காலம் வயிறெரிந்தவனுக்குப் பதில் சொல்கிற இடம்! அதுவும் முதல் பதில்! அந்த நாற்காலியில் இருந்து ஒவ்வொரு மாதமும் உங்கள் முன்னால் தன்னைக் கோழை என்று சொல்லிக்கொண்டாரே ஒரு மனிதர், அது இவ்வளவு பயமான வேலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இடத்தைக் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். அப்போதும் கேட்டிருப்பேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

அதனால் என் அறிவிப்பு இதுதான். பல் மருத்துவர் சுந்தரராஜ் அவர்கள் தொடங்கிய இந்த மன்றம் நிற்காது. படங்களை இனி முறைவைத்து ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்போம். நடுவில் நிற்கிற ஆள் என்று இனி யாரும் வேண்டாம். 'பின்ன' என்று நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும். என்னையும் கேட்க வேண்டும். நான் ஒளியமைப்பைப் பற்றிப் பேசித் தப்பிக்கப் பார்ப்பேன், விடாதீர்கள். லிஜின், நீர் விடாதீர். சுயம்புராஜ், நீர் விடவே விடாதீர். இது நாம் அவருக்குக் கொடுக்கிற வாக்கு.

அந்த வயதான அம்மா எந்தக் கதவைத் திறக்கிறாள், வெளியே நிற்பது யார், எனக்குத் தெரியாது. முன்கூட்டிக் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று வந்ததிலிருந்து மனசு கிடந்து அடிக்கிறது. யாரைக் கேட்பது? இந்தக் குடோனில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர் ஒருவர்தான். மாலை போட்ட போட்டோவாக அங்கே இருக்கிறார். படத்தைப் பார்த்தவர் பேசக் கூடாது. நான் கொண்டுவந்த விதி. பாவி மனுஷன், அதைக் கடைப்பிடிக்கிறார்.

என்னை முந்திக்கொண்டு முடிவைப் பார்த்துவிட்டீரே ஓய் சுந்தரராஜ்! அதிலும் எனக்குப் பொறாமைதான்.

பெமிலா, லைட்ட அணை மக்கா. படத்தப் போடு. நான் இன்னும் பாக்கல்ல.